யாரைக் கேட்டு மாற்றினாய்?

மணிக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கோபமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ பெங்களூர் பஸ் ஏறியதிலிருந்து கோபமாகத்தான் இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ என்னைப் பாதி வாக்கியத்துக்கு மேல் பேச விடமாட்டாய். "சாரமில்லம்மா, வெச்சிரட்டா?" என்று முடித்துவிடுவாய். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற மலையாளச் சொல்தான் அது, தெரியும். ஆனால் நீ சொல்லும்போது மட்டும் என் பேச்சில் சாரமே இல்லை என்று சொல்வதுபோல் எனக்குத் தமிழில் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தின் நடுவில் நீ ரிசீவரை வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நாம் மூன்று பேரும் கல்யாணத் தேதி பேச ஸ்ரீவராகத்தில் வித்யா வீட்டுக்குப் போயிருந்தோம். தேதி முடிவாயிற்று, மண்டபம் முடிவாயிற்று, அவளுடைய அம்மா பழம்பொரியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது அவளுடைய அப்பா தயங்கித் தயங்கி உன்னைக் கேட்டார்: "மாப்பிள்ள, வித்யாக்க வேலை காரியம் எப்படி?" அந்த வேலை என்ன லேசில் வந்ததா? பரீட்சை எழுதி, ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து, லிஸ்ட் காலாவதி ஆவதற்குள் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்து கிடைத்த சர்க்கார் வேலை. கேரளத்தை விட்டுப் போனால் அதையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நீ பழம்பொரியை மென்றுகொண்டே பதில் சொன்னாய்: "ரிசைன் பண்ணிரலாம் மாமா. பெங்களூர் வந்தா அவ பழகிக்கிடுவா." வித்யா கதவோரத்தில் காலி டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. "அப்போ சரி" என்றார் அவளுடைய அப்பா. உடனே பேச்சு நாதஸ்வரக்காரர் யார் என்பதற்குப் போய்விட்டது. பிறத்தியார் வீட்டில் வைத்துப் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தக் கோபமும் சேர்ந்துதான் இப்போது வருகிறது. ஆட்டோவில் அப்பாவிடம் சொன்னால், "ரெண்டு பேரும் அவங்களுக்குள்ள பேசியிருப்பாங்கட்டீ" என்கிறார். பேசியிருந்தால் அந்தப் பெண்ணின் முகம் ஏன் அப்படி வாடிப் போனது?

நீ ஒருத்தருக்காக முடிவு செய்துவிட்டு 'பழகிக்கிடும்' என்று சொல்வது எனக்குப் புதிதல்ல. அது எப்படி இருக்கும் என்று இந்தப் பூமியில் நன்றாக அறிந்தவள் நான் ஒருத்திதான். என் கம்ப்யூட்டரை நீ பாடாய்ப் படுத்தியது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. இது என்ன, கல்யாணப் பேச்சுக்கு நடுவில் கம்ப்யூட்டர் என்று சிரிக்காதே. கொஞ்சம் பொறுத்துப் படி.

முழங்கால் வலியால் வஞ்சியூரில் வக்கீல் ஸார் ஆபீஸின் மாடிப்படி ஏற முடியாமல் நான் வேலையை விட்டபோது நீ எஞ்சினியரிங் கடைசி வருஷம். டைப் அடிக்கிற வேலையை மட்டும் ஸார் வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார். நீ ஊரெல்லாம் அலைந்து பாகம் பாகமாக வாங்கி, கரமனை வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தாய். அதை ஓட்டுகிற புரோகிராமாக லினக்ஸைப் போட்டாய். அன்றைக்கு நீ பேசிய பேச்சு இருக்கிறதே! "லினக்ஸ்னா சுதந்திரம்மா. இதைத்தான் வெச்சுக்கிடணும்னு ஒரு கம்பெனிக்காரன் ஒன்ன அடக்க முடியாது. ஒனக்குப் பிடிச்சத நீ எடுத்துக்கலாம்." கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நீ பிரசங்கம் பண்ணியதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. நம் பிள்ளை உலகத்துக்கே நியாயம் பேசுகிறான் என்று அடுத்த வீட்டில்கூடச் சொன்னேன்.

உள்ளே நுழைய என் பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கச் சொன்னாய். பாஸ்வேர்டையும் நீயே வைத்திருந்தாய். அந்தத் திரையின் கீழே ஆங்கிலத்தில் 'செஷன்' என்று இருந்தது. அதை அழுத்தினால் முதலில் 'டிஃபால்ட்' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீல் ஆபீஸில் தலைமுடி நரைத்தவளுக்குச் செஷன் என்றால் செஷன்ஸ் கோர்ட். கொலைக் கேஸ் நடக்கிற இடம். டிஃபால்ட் என்றால் கூப்பிட்டபோது ஆஜராகாமல் இருப்பது. 'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்று எத்தனை ஆர்டர் நகலை டைப் அடித்திருப்பேன்! கட்சிக்காரன் வராததால் அவன் பக்கம் என்ன நியாயம் இருந்தாலும் கேஸ் தள்ளுபடி. "அய்யய்யோ, இதைத் தொடாதே மணி, நாம ஒண்ணும் செய்யாமலே தோத்துப் போயிருவோம்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் அப்பா குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்தார். அந்தக் கதையை உன் சிநேகிதர்கள் அத்தனை பேருக்கும் சொன்னாய்; அவர்கள் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "ஆன்டி, செஷன் கூடியோ?" என்று மலையாளத்தில் கேலி பண்ணினார்கள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது யோசித்தால் நான் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அப்புறம் நீ விளக்கினாய். உள்ளே ஓடுவது ஒன்றேதான், மேலே தெரிகிற முகம் மட்டும் வேறு வேறு. கேடிஇ என்று ஒன்று, க்னோம் என்று ஒன்று, இன்னும் சின்னச் சின்னதாகச் சில. ஒவ்வொன்றையும் திறந்து காட்டி "எது வேணும் ஒனக்கு?" என்று கேட்டாய். அன்று கேட்டாய், அதை நான் மறுக்கவில்லை. நான் கேடிஇ என்றேன். அதில் எல்லாம் கீழே இடது மூலையில் ஒரே இடத்தில் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் ஃபைல் திறந்தது. இரண்டு தடவை டக்டக்கென்று அழுத்துவது என் விரலுக்கு வராது. 'இது ரொம்ப அலங்காரம்மா' என்று மூக்கைச் சுளித்தாய். இருக்கட்டுமே, எனக்குப் பிடித்திருந்தது. இளநீல நிறம் வைத்தேன். வக்கீல் ஸாரின் மனுக்களை ஒரு வரிசையிலும் அஃபிடவிட்டுகளை ஒரு வரிசையிலும் அடுக்கினேன். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு அலமாரிகூடத் தனியாக இருந்ததில்லை மணி. இந்தத் திரை எனக்கென்று இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தாய். பாத்ரூம் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அப்பாவின் ஸ்கூட்டர் கிக்கரை உதைத்து உதைத்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கிடக்கிறது கிடக்கட்டும், கிழவியைத் தூக்கி மணையில் வை என்று நீ என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். நான் சமையலறையில் உனக்கு அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ ஊருக்குப் போன மறுநாள் திறந்தால், கீழே இருந்த மெனுப் பட்டை மேலே போயிருக்கிறது, நீலம் இல்லை, நான் அடுக்கி வைத்த ஃபைல்களில் ஒன்றுகூட இல்லை. வெறும் திரை. ஸார் ஆபீஸ் ஜூனியர் பதினொரு மணிக்குப் பிரிண்ட் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். எஸ்டிடி பூத்துக்கு ஓடிப்போய் உனக்குப் போன் செய்தால், "எங்கயும் போகல்லம்மா. க்னோமுக்கு மாத்தியிருக்கேன், அதுக்கு டெஸ்க்டாப் ஃபோல்டர் வேற. ஒன்னோட ஃபைல் எல்லாம் பழைய ஃபோல்டர்ல பத்திரமாட்டு இருக்கு. இதுதான் சிம்பிள். சாரமில்ல, பழகிக்கிடும்" என்றாய். பத்திரமாக இருந்ததாம்! பீரோவை இருட்டறைக்குள் தள்ளி வைத்துவிட்டு நகை பத்திரமாக இருக்கிறது என்றால் யாருக்குத் திருப்தி?

சரி, பழகினேன். பெற்ற பிள்ளை நல்லதற்குத்தான் செய்திருப்பான் என்று பழகினேன். இரண்டு தடவை டக்டக்கென்று அழுத்தப் பழகினேன். ஆனால் ஒன்றை நீயும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. கேடிஇயில் டைப் அடித்து முடித்து மூடப் போனால் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். அதில் இடது ஓரத்தில் இருப்பது 'சேவ்'. க்னோமோடு நீ போட்டுத் தந்த புரோகிராமிலும் அதே மாதிரி ஒரு பெட்டி வரும். அதில் இடது ஓரத்தில் இருப்பது 'சேவ் செய்யாமல் மூடு'. நான் எழுத்தைப் பார்த்து டைப் அடிக்கிறவள் அல்ல, கைப் பழக்கத்தில் அடிக்கிறவள். காலையில் உட்கார்ந்து, ஒரு விதவையம்மாவின் பாகப்பிரிவினை அஃபிடவிட்டு முழுவதையும் அடித்து முடித்தேன். கை தானாக இடது ஓரத்துக்குப் போனது. அவ்வளவுதான். அத்தனையும் போயிற்று. அப்பா சாப்பிடக் கூப்பிட வந்து பார்த்துவிட்டு, பரண்மேல் இருந்த என் பழைய டைப்ரைட்டரை இறக்கித் தந்தார். அழுதுகொண்டே அதில் அடித்தேன். உனக்குச் சொன்னபோது, "அங்க எழுதியிருக்கத வாசிக்கணும்லாம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ பெட்டியைத் திருப்பி வைப்பாய், நான் வாசிக்கவில்லை என்பாய்!

அப்புறம் ஒருநாள் பழைய இடத்துக்குப் போவது எப்படி என்று நானே தேடினேன். எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. எந்த 'செஷன்' எழுத்தைப் பார்த்துப் பயந்தேனோ அதையே துணிந்து அழுத்தினேன். கேடிஇ என்று இருந்தது. தேர்ந்தெடுத்தேன். பாஸ்வேர்டு அடித்தேன். உடனே உள்ளே விட்டுவிடவில்லை; ஒரு பெட்டி வந்து என்னைக் கேட்டது. நீ எப்போதும் வைத்திருப்பது க்னோம், இப்போது கேடிஇயைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். இது இந்த ஒரு தடவைக்கு மட்டுமா, அல்லது இனி எப்போதுமேவா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டது. நான் பதில் சொல்லும்வரை காத்துக்கொண்டு நின்றது. மணி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பாகத்தை வைத்துப் பூட்டிய மெஷின் அது. அதற்கு இருந்த மரியாதை நான் பெற்ற பிள்ளைக்கு இல்லையே என்று நினைத்தேன். எப்போதுமே என்பதை அழுத்தினேன். என் நீலம் திரும்பி வந்தது, என் வரிசைகள் வந்தன. அன்று மத்தியானம் எனக்காக மட்டும் ஒரு பால் பாயசம் வைத்துக் குடித்தேன்.

அடுத்த லீவுக்கு நீ வந்து பார்த்துவிட்டு, "யாரு இத மாத்தினது?" என்று கேட்டாய். நான்தான் என்று எவ்வளவு பெருமையோடு சொன்னேன்! அட, அம்மா தானாகக் கண்டுபிடித்திருக்கிறாளே என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். நீ சொன்னது, "ஏம்மா பின்னாடி போற? இந்த மெஷினுக்கு மெமரி பத்தாது, கேடிஇ இழுக்கும்." சொல்லிக்கொண்டே இன்னொரு சின்ன டெஸ்க்டாப்பைப் போட்டாய், மூன்றாவது முகம். நீ சொன்ன காரணம் சரிதான். மெமரி குறைவுதான், கேடிஇ மெதுவாகத்தான் திறக்கும்; நான் அதற்குள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வருவேன். எனக்கு அவசரமில்லை என்று உனக்கு எப்படித் தெரியும், கேட்டால்தானே? உன் காரணங்கள் எப்போதும் சரியாகவே இருக்கின்றன. அதனால்தான் உன்னோடு சண்டை போடுவது கஷ்டம். அநியாயம் செய்கிறவனைக் கேள்வி கேட்கலாம். நல்லது செய்கிறேன் என்று வருகிறவனை என்ன சொல்லித் தடுப்பது? அந்த வருஷம் கிழக்கேகோட்டைப் பக்கம் ஏதோ ஹாலில் நடந்த லினக்ஸ் கூட்டத்தில் நீ பேசினாய், அப்பாவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். தேர்வு செய்யும் உரிமை, தேர்வு செய்யும் உரிமை என்று மேஜையைத் தட்டினாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். கை வலி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வித்யா விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் சம்பளம் அதிகம், அவள் படிப்புக்கு அங்கே நல்ல வேலை கிடைக்கும், கல்யாணம் ஆனவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்க முடியாது. எல்லாக் காரணமும் சரி. அவளுக்கே அது பிடித்தாலும் பிடிக்கலாம். ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் தப்பான பொத்தானை அழுத்தினால் ஒரு நாள் வேலை போகும். டைப்ரைட்டரை இறக்கி மறுபடி அடித்துக்கொள்ளலாம். சர்க்கார் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்த பெண் பிறகு எந்தத் திரையில் போய், பழையதைக் கொடு என்று கேட்பாள்? அவள் வாய் திறக்கவில்லை என்கிறாயா? மௌனம் சம்மதம் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோமே, அதைச் சொன்னவன் நிச்சயமாக ஆம்பளையாகத்தான் இருப்பான். நீ கேலி செய்த என் கோர்ட்டிலேகூட, ஒருத்தன் ஆஜராகவில்லை என்று எடுத்த எடுப்பில் தள்ளுபடி செய்துவிட மாட்டார்கள். டவாலிச் சேவகன் வராந்தாவுக்கு வந்து அவன் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவான். வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவான். அதற்குப் பிறகுதான் ஆர்டர். வித்யா அதே அறையில், கதவோரத்தில் நின்றாள். அவள் பெயரை நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அதனால் நான் கூப்பிட்டேன். நேற்றுச் சாயங்காலம் அவள் ஆபீஸ் விடும் நேரத்துக்குக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அப்பாவுக்குத் தெரியாது, மருந்து வாங்கப் போவதாகச் சொன்னேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் பயந்துவிட்டாள், கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று நினைத்தாளாம். பக்கத்துக் கடையில் நாரங்கா வெள்ளம் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். "வித்யா, ஒன் மனசுல என்ன இருக்கு? நான் மணிக்க அம்மையா கேக்கல்ல. வேலைக்குப் போன ஒரு பொம்பளையா கேக்கேன்" என்றேன். எலுமிச்சைக் கொட்டையை ஸ்பூனால் எடுத்து எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அத்தை, அவங்க டெய்லி போன் பண்ணுறாங்க. ஃபிளாட்ல எந்த ரூம்ல என்ன கலர் பெயின்ட் அடிக்கட்டும்னுகூடக் கேட்டாங்க. இத மட்டும் கேக்கல்ல. எனிக்கு எப்படித் தொடங்கணும்னு அறிஞ்சுகூடா" என்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையாம்; படபடப்பில் பாதி மலையாளம் வந்துவிட்டது. அதன் பிறகு அவள் நிறையப் பேசினாள். இரண்டு பஸ்ஸைப் போக விட்டுவிட்டுப் பேசினாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

அவள் சொன்ன பதிலை நான் உனக்கு எழுதப் போவதில்லை. தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அப்போதும் நீ அவளைக் கேட்காமலே தெரிந்துகொண்டவன் ஆவாய். நீயே கேள். காரணங்களை முதலில் அடுக்கிவிட்டு, கடைசியில் 'சரிதானே?' என்று கேட்பது கேள்வி இல்லை, அதை எனக்குச் செய்தது போதும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. அவள் தொடங்க நேரமாகும். இடையில் நுழைந்து நிரப்பாதே. பதில் உனக்குப் பிடிக்காததாக இருந்தால் கோபப்படு, சண்டை போடு, அழு, எங்களைக் கூப்பிட்டுப் புலம்பு. அதெல்லாம் கல்யாணத்துக்குள் அடங்கியதுதான். உன் மேல் எனக்குப் பிரியம் குறைந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. குறைந்திருந்தால் பேசாமல் பட்டுப்புடவை வாங்கப் போயிருப்பேன்.

கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டரைத் தமிழிலும் மலையாளத்திலும் கையால் எழுதி முடித்துவிட்டேன். சாலைக் கடைத்தெருவில் இருக்கிற பிரஸ்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அப்பா, "என்ன தாமசம்?" என்று அரிக்கிறார். உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். யாருக்கும் நான் காரணம் சொல்லவில்லை. காகிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதைப் பிரஸ்ஸுக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு நீ போன் செய்யாதே, உன் சொல்லை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வித்யா போன் செய்யட்டும்.

உன் அம்மா.